கை காட்டியவர்

ஏப்ரல் 19, 2020

அன்புள்ள அப்பா,

வீட்டில் மூவரும் நன்றாக இருக்கிறோம். நாள் முழுக்க முகமூடி போட்டு அம்மாவின் மூக்கின்மேல் ஒரு கோடு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? சுக்கான் பிடித்து நிற்கும்போது அந்தப் பழைய பூட்ஸைப் போடாதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஏரியில் கப்பல் ஏதாவது ஊரை ஒட்டிப் போகும் ஐந்து நிமிஷம்தான் உங்களுக்கு சிக்னல். அதில் நாலு நிமிஷம் சின்னவள் ஹேட்டி தன் பல் ஆடுவதைப் பற்றிப் பேசிவிடுகிறாள். மிச்சத்தில் அம்மா வெந்நீர்த் தொட்டி ஒழுகுவதைச் சொல்கிறாள். எனக்கு 'ஹலோ'வும் 'பை-பை'யும்தான் கிடைக்கின்றன. அதனால் டெட்ராயிட் தபால் படகை நம்பி எழுதுகிறேன். ஓடுகிற கப்பலின் பக்கத்தில் படகை ஒட்டி, நீங்கள் கயிற்றில் இறக்கும் வாளியில் போட்டுவிடுவார்களே, அது போதும் எனக்கு.

இந்த வருஷம் பள்ளி திறக்காது என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சள் பஸ் மட்டும் தினமும் வருகிறது. பிள்ளைகளுக்குப் பதில் பாடத் தாள்களையும் மதியச் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஹேட்டி ஓடினால் டிரைவர் டோரிஸ் கத்துகிறாள்: "கிட்ட வராதடி செல்லம்! அங்கயே நில்லு, நான் வெச்சிட்டுப் போறேன்!" அம்மா வாரத்தில் ஆறு நாள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருக்கிறாள். ஹேட்டிக்கு நான்தான் டீச்சர், சமையல்காரி, போலீஸ். வீட்டில் இன்டர்நெட் நொண்டுகிறது என்று நூலகத்தின் வாசலில் சைக்கிளை நிறுத்தி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பைக் கேட்கிறேன். குளிரில் விரல் மரத்துவிடுகிறது. படிப்பு நன்றாகத்தான் போகிறது.

மே கடைசியில் கப்பலில் உங்கள் அறுபது நாள் முறை முடிகிறது. சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

உங்கள் மூத்தவள்,
பிரென்னா

மே 2, 2020

அன்பு மகள் பிரென்னாவுக்கு,

முதுகு முதுகாகவே இருக்கிறது. பூட்ஸைக் கடாசிவிட்டேன், போதுமா? உங்கள் மூவரின் நலத்தையும் தினமும் நினைத்துக்கொள்கிறேன். அம்மாவின் மூக்குக் கோட்டுக்குக் கொஞ்சம் வாஸ்லைன் தடவச் சொல்.

உன் கடிதம் வாளியில் ஏறி வந்ததும் நாஜி பிடுங்கிப் பார்த்தான். அவனும் நானும் ஒரே அறை. மேல்தளத்தில் கயிறு, சங்கிலி வேலை அவனுக்கு. டியர்பர்னில் வீடு, பெண்டாட்டி பிள்ளைகள் ஏமனில். "உன் பொண்ணு கையெழுத்தா இது? டாக்டர் சீட்டு மாதிரி இருக்கேப்பா" என்றான். "மூளை வேகமா ஓடுது, கை பின்னால வருது" என்று சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

பதினொன்றாம் வகுப்பு பாதியில் நான் கப்பல் ஏறினேன். அன்றைக்கு அது பெரிய வீரமாகத் தெரிந்தது. பிறகு கப்பல் வேலைக்கான ஒவ்வொரு பரீட்சைக்கும் இருபது வயசுப் பையன்களோடு உட்கார்ந்து பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் முழித்தேன். நீ எழுதுகிற 'நன்றாகத்தான்' எவ்வளவு நன்று என்று கொஞ்சம் விவரமாக எழுது.

மே 28 வாக்கில் வந்துவிடுவேன். வெந்நீர்த் தொட்டியை அம்மா தொட வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா

மே 17, 2020

அன்புள்ள அப்பா,

நலமா? நாங்கள் நலம். ஹேட்டியின் பல் விழுந்துவிட்டது, இனி போனில் எனக்கும் இடம் கிடைக்கும்.

முந்தாநாள் அவளுடைய வகுப்பு. திரையில் பதினான்கு சின்ன முகங்கள். ஒருவன் மேஜைக்கு அடியில், ஒருத்தி மூக்கைக் குடைகிறாள், ஒருவன் வீட்டு நாய் மட்டும் ஒழுங்காகக் கேமராவைப் பார்க்கிறது. "வீட்டிலேயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பொருளைக் கொண்டு வாங்க பார்க்கலாம்" என்றாள் டீச்சர். மற்றவர்கள் பொம்மை, பந்து என்று கொண்டுவந்தார்கள். நம்மவள் உங்கள் தலையணையை இழுத்துக்கொண்டு வந்தாள். "இதுல எங்கப்பா வாசனை இருக்கு. அம்மாவைத் துவைக்க விடமாட்டேன்" என்றாள். டீச்சர் கேமராவை ஒரு நிமிஷம் அணைத்துவிட்டாள்.

எங்கள் வரலாற்று ஆசிரியர், நாம் வரலாற்றுக்குள் வாழ்கிறோம், தினமும் குறிப்பெழுதுங்கள் என்கிறார். எழுதினேன்: 'இன்று பாத்திரம் கழுவினேன். நேற்றும் கழுவினேன்.' வரலாறு இதுதான் என்றால் என்னை விட்டுவிடலாம்.

தினமும் காலையில் அம்மாவின் போனில் கப்பல் வரைபடத்தைத் திறக்கிறோம். ஏரியின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி, உங்கள் கப்பல் பெயரோடு. ஹேட்டி அதற்கு முத்தம் கொடுத்து போன் முழுக்க எச்சில். நானும் அவள் பார்க்காதபோது 'குட் மார்னிங்' சொல்கிறேன். சிரிக்காதீர்கள்.

இன்னும் பதினோரு நாள்.

பிரென்னா

மே 30, 2020

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்.

இந்நேரம் அம்மாவிடம் போனில் சொல்லியிருப்பேன், நீயும் கேட்டிருப்பாய். ஆனாலும் உனக்குத் தனியாக எழுத வேண்டும். கேப்டன் எங்களைச் சாப்பாட்டு அறையில் நிற்க வைத்துச் சொன்னார்: "யாரும் இறங்கறதில்ல, யாரும் ஏறறதில்ல. உங்களுக்குப் பதிலா வர வேண்டியவங்க எங்க இருந்து வராங்கன்னே தெரியல. ஒருத்தனுக்கு வந்தா இருபத்திரண்டு பேருக்கும் வரும்." எதிர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது?

நாஜி தன் பங்கு ஏலக்காய் டீயையும் எனக்கே ஊற்றிக் கொடுத்தான். அவன் ஏமனுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவன் எதிரில் நான் எப்படி அழுவது?

வட்டத்தை அழிக்காதே, பெரிதாக்கு. ஹேட்டியிடம் நீதான் சொல்ல வேண்டும். உன்மேல் பாரம் ஏற்றுகிறேன் என்று தெரியும்.

அப்பா

ஜூலை 5, 2020

அன்புள்ள அப்பா,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? உண்மையாகவே கேட்கிறேன்.

ஏழு வாரமாக எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். கோபம் உங்கள்மேல் இல்லை. அது யார்மேல் என்று எனக்கே தெரியாததால் தபால்தலை ஒட்ட முடியவில்லை.

கப்பல் சுண்ணாம்புக்கல் ஏற்ற நம் ஊர்க் குவாரிக்கே வருகிறது என்று அம்மா சொன்னதும் ஹேட்டி கவுன் மாற்றிக்கொண்டாள். அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பத்து மணிக்கே வேலிக்குப் போய்விட்டோம். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வேலியிலிருந்து கப்பலுக்கு ஒரு பேஸ்பால் மைதானத்தின் தூரம் இருக்குமா? வீட்டிலிருந்து ஒன்றரை மைலில் நீங்கள் நிற்கிறீர்கள், சாப்பிட வர முடியாது. இப்படியும் ஒரு கூத்து உண்டா?

மேல்தளத்தில் ஆரஞ்சுச் சட்டை, ஹெல்மெட், முகமூடியோடு ஒருவர் வந்து நின்றார். முதுகில் நம் குடும்பப் பெயர் எழுதிய சட்டை. ஹேட்டி வேலியில் ஏறிக்கொண்டு "அப்பா! பல்லு விழுந்துடுச்சு! பாரு, பாரு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஒரு மணி நேரம் ஆட்டினார். கல் கொட்டுகிற சத்தத்தில் அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. நடுவில் ஒரு குதி குதித்து ஆடவும் செய்தார். ஹேட்டி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

அம்மாவிடம், "அப்பா நல்லா இருக்கார்மா, கை காட்டினார்" என்று சொன்னேன்.

சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? எழுதுங்கள்.

பிரென்னா

ஜூலை 14, 2020

பிரென்னா கண்ணு,

நான் நலம். நீங்கள் நலமா?

அன்றைக்கு ஆட்டிய ஆட்டில் கை இரண்டும் கழன்றுவிட்டன. இன்னும் வலிக்கிறது, அதனால்தான் எழுத்து கோணல். ஹேட்டியின் பல் இல்லாத வாய் அங்கிருந்தே தெரிந்தது. நீ வளர்ந்துவிட்டாய்.

வேலை அதிகம், நிறைய எழுத முடியவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள். படி.

அப்பா

ஜூலை 24, 2020

அப்பா,

நாங்கள் மூவரும் உடம்பால் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் ஹேட்டிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். அம்மா கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள். பிறகு குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கை காட்டியது நீங்கள் இல்லை. முதல் நிமிஷமே தெரியும். நீங்கள் கை ஆட்டவே மாட்டீர்கள், அப்பா. வகுப்பில் பதில் தெரியாத பையன் மாதிரி ஒரு கையைப் பாதி தூக்கி, உடனே இறக்கிவிடுவீர்கள். என்னை முதல் நாள் பள்ளியில் விட்டபோதும் அப்படித்தான். சட்டை உங்களுடையது, உள்ளே இருந்தவர் வேறு. ஹேட்டி சந்தோஷமாக இருந்தாள் என்று நானும் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று. உங்கள் கடிதம் எப்போதும் தபால் படகின் டெட்ராயிட் முத்திரையோடு வரும். இது டுலூத் முத்திரையோடு வந்திருக்கிறது, பதினான்காம் தேதி. அன்றைக்குப் பச்சைப் புள்ளி க்ளீவ்லாந்தில் இருந்தது, நானே பார்த்தேன். எண்ணூறு மைல் தள்ளிக் கடிதம் போட உங்களுக்கு எவ்வளவு நீளக் கை? அப்படியானால் இத்தனை நாளாக ஒரு இரும்புக் குவியலுக்கா குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தேன்?

நான் முதலில் உண்மை சொல்கிறேன், பிறகு நீங்கள் சொல்லுங்கள். ஏப்ரல் கடைசிக்குப் பிறகு நான் ஒரு வகுப்பையும் திறக்கவில்லை. அம்மா வேலைக்குப் போன பிறகு ஹேட்டியைத் தனியாக விட்டுவிட்டு நூலகத்துக்கு எப்படிப் போவது? அவளுடைய தாள்கள் எல்லாம் முடிந்தன, நட்சத்திர ஒட்டி வாங்கினாள். என்னுடையவை கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. எனக்கு வந்த மதிப்பெண் தாளில் எல்லா வரியிலும் 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீங்கள் விட்ட அதே பதினொன்றில் நானும் நிற்கிறேன். திட்டுங்கள். நேரில் வந்து திட்டுங்கள்.

எங்கே இருக்கிறீர்கள்?

பிரென்னா

ஆகஸ்ட் 11, 2020

மகள் பிரென்னாவுக்கு,

உன் வீட்டில் எல்லோருக்கும் இறைவன் நல்ல உடம்பைத் தரட்டும். நான் நாஜி சாலெ, உன் அப்பாவின் அறைத் தோழன்.

மூன்று வாரத்துக்கும் மேலாக வடக்கு ஏரிகளிலேயே சுற்றினோம், டெட்ராயிட் பக்கம் வரவில்லை. நேற்றுத்தான் உன் கடிதம் வாளியில் ஏறியது. நான் பிரிக்கவில்லை, அப்படியே உன் அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார், தேறி வருகிறார். மிச்சத்தை அவர் சொல்லட்டும்.

இனியும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் என் பங்கை மட்டும் சொல்கிறேன். குவாரியில் நீங்கள் பார்த்த அவருடைய சட்டைக்குள் இருந்தது நான்தான். அன்று அவருக்குக் காய்ச்சல், தனி அறையில் போட்டிருந்தார்கள். அந்த அறையின் சன்னல் ஏரிப் பக்கம். கதவுக்கு வெளியே நின்ற என்னிடம், "பிள்ளைங்க வேலிகிட்ட வந்திருக்கும். யாரும் வரலன்னா பயந்துடும். போடா, என் சட்டையைப் போட்டுட்டு ஒரு நிமிஷம் நில்லு" என்று கத்தினார். நான் ஒரு நிமிஷத்துக்குத்தான் போனேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அமல், ஆறு வயது. பிறந்த பிறகு இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். உன் தங்கை "அப்பா" என்று கூப்பிடக் கூப்பிட என்னால் உள்ளே போக முடியவில்லை.

உங்களிடமிருந்து ஒரு மணி நேரம் திருடிக்கொண்டேன். மன்னித்துவிடு.

நாஜி

ஆகஸ்ட் 19, 2020
டுலூத்

பிரென்னா,

அம்மா சுகமா, ஹேட்டி சுகமா, நீ சுகமா? இந்த முறை நான் பாதி சுகம். உண்மை கேட்டாய், இதோ.

குவாரியை விட்டுக் கிளம்பிய மூன்றாம் நாள் என்னை இங்கே இறக்கினார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு இருந்தேன். கை கழன்றது என்று எழுதினேனே, அது நர்ஸ் பிடித்துக்கொண்ட அட்டையில் படுத்தபடி எழுதியது. பிறகு கம்பெனி பிடித்துக் கொடுத்த ஒரு விடுதி அறை. அங்கே மூச்சு திரும்பவும் திணறி, மறுபடி ஒரு வாரம் ஆஸ்பத்திரி. இப்போது ஜன்னலிலிருந்து நாற்காலிக்கு நடந்தால் உட்கார வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லாதே என்று நான்தான் கெஞ்சினேன். அவளைக் கோபிக்காதே. அவள் வேலை இடத்துக்கு மட்டும் நான் போன் செய்ததும் அதனால்தான், என் இருமலை நீ கேட்டுவிடுவாய் என்று.

உன் மதிப்பெண் தாளைப் பற்றி. உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், வரவில்லை. நான் ஊர் சுற்றும் ஆசையில் விட்டேன். நீ தங்கையின் தாளை முடிக்க உன்னுடையதை விட்டாய். இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் விட்டது விட்டதாக இருக்கக் கூடாது. அம்மாவிடம் இன்றே சொல். உன் ஆசிரியர்களுக்கு எழுது, வேதியியலில் தொடங்கு. வெட்கமாக இருந்தால் என் பெயரைப் போட்டு எழுது.

அந்த அறையில் படுத்திருந்தபோது கல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒருமுறை ஓய்ந்தது. அப்போது ஹேட்டியின் குரல் கேட்டது மாதிரி இருந்தது. காய்ச்சலாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வர வேண்டும் பிரென்னா. வேறு எதுவும் வேண்டாம்.

அப்பா

செப்டம்பர் 6, 2020

அன்புள்ள அப்பா,

சாப்பாடு இறங்குகிறதா? நாற்காலி வரை எத்தனை முறை நடக்கிறீர்கள்? எண்ணி எழுதுங்கள்.

அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, "நானும் உன்கிட்ட ஒண்ணு மறைச்சேன், கணக்கு சரியாப் போச்சு" என்றாள். பிறகு ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுது முடித்து முட்டைப் பொரியல் சாப்பிட்டோம்.

நாளைமறுநாள் பள்ளி திறக்கிறார்கள், வாரத்தில் இரண்டு நாள். வேதியியல் ஆசிரியர், "தாளெல்லாம் இருக்கா? கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சுக் குடு" என்று எழுதியிருக்கிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். முதல் தாளிலேயே ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நீங்கள் வரலாம் என்று டாக்டர் சொன்னாராமே! அம்மாவுக்கு மட்டும் பயம். இருபத்தெட்டு முதியவர்களுக்குச் சமைக்கிறாள், வெளியூரிலிருந்து வருகிறவர் பதினான்கு நாள் ஒதுங்கி இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் பின்கொல்லையில் நிற்கும், நாம் முகாம் போகிற கேம்பர் வண்டியைக் கழுவி, படுக்கை போட்டு, ஹீட்டர் வைத்தோம். சமையலறை ஜன்னலிலிருந்து முப்பது அடி. சாப்பாட்டையும் கடிதத்தையும் மேஜையில் வைத்துவிட்டு விலகிவிடுவோம். முப்பது அடிக்குக் கடிதமா என்கிறீர்களா? கத்திப் பேசினால் உங்களுக்கு இருமல் வரும். நாம் எழுதிப் பழகிவிட்டோம்.

சீக்கிரம் வாருங்கள்.

பிரென்னா

செப்டம்பர் 27, 2020
கேம்பர் வண்டி

பிரென்னா,

சூப் அருமை. உப்பு அம்மா போட்டது, மிளகு நீ போட்டது, சரியா? உடம்பு பரவாயில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூரையில் ஒரு ஓடு பெயர்ந்திருக்கிறது.

மத்தியானம் ஜன்னலில் ஹேட்டி தெரிந்தாள். கையைத் தூக்கினேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமா அவளுக்கு? கேட்டு எழுது.

அப்பா

செப்டம்பர் 28, 2020
சமையலறை

அன்புள்ள அப்பா,

நன்றாகத் தூங்கினீர்களா? இரண்டு முறைதான் இருமினீர்கள், எண்ணினேன்.

ஹேட்டிக்குக் கோபம் இல்லை. அதைவிட மோசம். நேற்று உங்களைப் பார்த்துவிட்டு வந்து, "வண்டியில இருக்கற தாத்தா யாரு?" என்றாள். தாடி, முகமூடி, முப்பது பவுண்டு இளைத்த உடம்பு, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "அது அப்பாதாண்டி" என்றேன். தலையை ஆட்டினாள். "இல்ல. எங்கப்பா கப்பல்ல இருக்கார். எங்கப்பா ரெண்டு கையாலயும் ஆட்டுவார், குதிச்சுக்கூடக் காட்டுவார். இவர் ஒரு கையைப் பாதி தூக்கிட்டு விட்டுட்டார்" என்றாள். அம்மா சொல்லிப் பார்த்தாள். போட்டோவைக் காட்டிப் பார்த்தாள். கேட்கவில்லை.

நாஜியைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு இல்லாமல் போய்விடும். இந்த வருஷத்தில் அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். என்னால் எடுக்க முடியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். மூச்சு வாங்கும் என்று தெரியும், குதிக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே போதும். பத்து மணிக்கு அவளை ஜன்னலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு கையாலும் ஆட்டுங்கள், அப்பா.

பிரென்னா